பதினாறு மணி நேர வாட்டு

கொழும்பு
11.02.2003

அன்புள்ள சோலைமலைக்கு,

பாலச்சந்திரன் எழுதுகிறேன். எந்தப் பாலச்சந்திரன் என்று கேட்பீர். எண்பத்தேழு வரை உங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், நீங்கள் ஸ்டோர் என்பீர்களே, அங்கே இளைய டீமேக்கராக இருந்து, குளிருக்குக் காலில் மூன்று சோடி மேஸ் போட்டுக்கொண்டு திரிந்த அதே யாழ்ப்பாணத்தான்.

இப்போது கொழும்பில் ஒரு திட்டமிடல் பிரிவில் வேலை. மேலிடத்துச் சுற்றறிக்கையால் நடந்த பொருளாதாரத்தை அறிவால் நடக்கிற பொருளாதாரமாக மாற்றுவது எப்படி என்று ஓர் ஆவணம் தயாரிக்கிறோம். பெயர் புத்தாக்க உபாயம். சிரிக்க வேண்டாம், நான் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டேன். மூன்று வருடமாகக் கூட்டம் கூடுகிறோம், வடை தின்கிறோம், போன கூட்டத்தின் அறிக்கையைத் திருத்துகிறோம். பேச்சுப் போதும், நாட்டுக்குள்ளே இருந்து ஓர் உதாரணம் காட்டுங்கள் என்று பணிப்பாளர் போன மாதம் மேசையில் அடித்துவிட்டார்.

அப்போதுதான் உமது வாட்டுப் புத்தகங்கள் ஞாபகம் வந்தன. மாடியில் கொழுந்தை விரித்து ஈரம் போக்கியதை, ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், அன்றைய வானிலை என்று நாள் தவறாமல் எழுதினீரே, அவை. எண்பத்தொன்றிலிருந்து, தோட்டத்தை அரசாங்கக் கூட்டுத்தாபனம் நடத்திய காலம் முடியும்வரை நீர்தான் எழுதினீர். வாட்டுப் பிழைத்தால் தேயிலையே பிழைத்துவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த அறிவு அவ்வளவும் உமது முத்தான கையெழுத்தில் கிடக்கிறது. அதைக் கணினிக்குள் ஏற்றிவிட்டால் எந்தத் தோட்டத்திலும், நேற்று வேலைக்கு வந்தவன்கூட, பொத்தானை அமுக்கி உம்மைப் போல வாட்டலாம்.

தோட்டத்தை எடுத்த கம்பனிக்காரர் அவற்றைப் பழைய கடதாசிக்காரனுக்குப் போடமுன் தேடி வையும். இரண்டு பேரை வான் வண்டியோடு அனுப்புகிறேன். கெதியாகப் பதில் போடும்.

அன்புடன்
க. பாலச்சந்திரன்


ஸ்டோர் லயம், ராகலை
26.02.2003

மதிப்பிற்குரிய டீமேக்கர் ஐயாவுக்கு சோலைமலை வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதத்தை அம்மாக்கண்ணு மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். முடிந்ததும், "பதினாறு வருசம் கழிச்சு ஒங்க ஐயாவுக்குக் கொழுந்து வாசம் அடிச்சிருச்சாக்கும்" என்றாள். என் மனைவியின் வாய் உங்களுக்குத் தெரியும். எனக்கும் வருத்தம்தான். போனவர் போனவர்தான் என்று நினைத்துவிட்டேன். ஆபீசில் தொலைபேசி இருக்கிறது, ஆனால் தோட்டத்துத் தொரையின் காதுக்கு முன்னால் நின்று பேச வேண்டும். நமக்குக் கடிதமே நல்லது.

புத்தகங்கள் கிடைத்தன. மாடியில் பலகை அலமாரிக்குள் நாற்பத்தொன்று இருந்தன. ஒன்றைக் கறையான் பாதி தின்றிருக்கிறது. கூட்டுத்தாபனத்தின் எழுத்து அதற்குச் செரித்திருக்கிறதே, அதுவே அதிசயம்.

வானில் வந்த இருவரும் நல்ல மரியாதையானவர்கள். "ஒருநா நின்னுட்டுப் போங்க. மூட்டம் போட்ட நாள்ல கொழுந்தக் கையில புடிச்சிக் காட்டுறேன்" என்றேன். புத்தகம் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது கணினிக்கு மட்டும் பொருந்தாது போலிருக்கிறது.

ஐயா, வாட்டு எப்படிப் பார்ப்போம் என்று உங்களுக்கு மறந்திருக்காது. ஒரு பிடி கொழுந்தை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தால், உருண்டை சட்டென்று உதிரக் கூடாது, மெதுவாக அவிழ வேண்டும். காம்பை மடித்தால் ஒடியக் கூடாது. பச்சை வாசம் போய், பழக்கடைப் பக்கம் போனால் வருமே, அப்படி ஒரு வாசம் வர வேண்டும். இதை எழுத அந்தப் புத்தகத்தில் கோடு போட்ட இடமே கிடையாது. இரண்டு நேரம், ஒரு வானிலை, உங்கள் கையெழுத்து, அவ்வளவுதான்.

அந்த நேரங்களை நம்பி ஒன்றும் செய்துவிடாதீர்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு
சோலைமலை


கொழும்பு
30.03.2003

அன்புள்ள சோலைமலைக்கு,

உமது குறும்பு இன்னும் போகவில்லை. சந்தோசம். ஆனால் உம்மை நீரே குறைத்துப் பேசுவதை விடும்.

புத்தகம் முழுவதையும் கணினியில் ஏற்றிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான வாட்டுகள். அத்தனையும் பதினாறு மணி நேரம். கால் மணி முந்தியது கிடையாது, பிந்தியது கிடையாது. பல்கலைக்கழகத்துக்காரர் ஆடிப்போய்விட்டார்கள். மழை, மூட்டம், வெயில், காற்று என்று நீர் எழுதி வைத்த வானிலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, நல்ல நிர்வாகம் இருந்தால் காலநிலை வாட்டைப் பாதிப்பதில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். இது புதிய கண்டுபிடிப்பாம். எங்கள் ஸ்டோரின் பெயரில் வரப்போகிறது.

இங்கே ஆள் ஆளுக்குக் காலை வாருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஹங்கேரியிலிருந்து ஓர் அம்மா ஆலோசகராக வந்திருக்கிறார். அவர்களுடைய நாடும் திட்டத்தால் நடந்து பிறகு மாறிய நாடு. எல்லாரும் கை தட்டி முடிந்த பிறகு அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தப் புத்தகங்களை யார் வாசிப்பதற்காக எழுதினார்கள் என்று. இது ஒரு கேள்வியா? இரண்டு மாத உழைப்பின் மேல் இப்படித் தண்ணீர் ஊற்றினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது. தலைமைக் காரியாலயம் வாசிப்பதற்காக என்றேன். அவர் சும்மா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆனி மாதம், இந்தக் கணக்கை ஏற்றிய முதலாவது கணினிப் பெட்டியை உங்கள் ஸ்டோரிலேயே பூட்டப்போகிறோம். பதினாறு மணி நேரம் ஆனதும் மணி அடிக்கும், கொழுந்துக்குக் காற்று ஊதுகிற காற்றாடி தானாக நிற்கும். அன்றைக்கு நாடா வெட்டப்போவது நீர்தான். நான் சொல்லிவிட்டேன்.

அன்புடன்
க. பாலச்சந்திரன்


ஸ்டோர் லயம், ராகலை
19.04.2003

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

சித்திரை வருடப்பிறப்புக்கு உங்களுக்கு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒளித்துப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. புத்தகத்தில் இருக்கிற பதினாறு பொய். காற்று அடித்துக் காய்கிற காலத்தில் பதினொரு மணி நேரத்தில் இறக்கியிருக்கிறேன். மூட்டம் விடாத வாரங்களில் இருபத்திரண்டு வரை வைத்திருக்கிறேன். வானிலை மட்டும் உண்மை. அதை மாற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எண்பத்தொன்று கார்த்திகையில் நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். நான் புத்தகத்துக்குப் புதிது. இருபத்தொன்று என்று உண்மையை எழுதினேன். பத்து நாளில் தலைமைக் காரியாலயத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வாட்டு பதினாறு மணி நேரம் என்பது சுற்றறிக்கை, அதை மீறியது ஏன் என்று. பெரிய டீமேக்கர் உங்களைத்தான் பிடித்துக் கத்தினார். நீங்கள் மாடிக்கு வந்தீர்கள். முகம் சிவந்திருந்தது. கொழுந்து விரிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னீர்கள்:

"சோலைமலை, கொழுந்தை உம்மட விருப்பத்துக்கு வாட்டும். புத்தகத்தைக் கொழும்பின்ர விருப்பத்துக்கு எழுதும்."

அன்றிலிருந்து அப்படித்தான். தேயிலை நன்றாக வந்தது, மேலிடம் சந்தோசப்பட்டது, உங்களுக்கும் நல்ல பெயர், எனக்கும் தொல்லை இல்லை. அடுத்த முறை வேலைக்கு வருகிறவருக்குக் கொழுந்து உண்மையில் எப்போது ஏறியது என்று தெரிய வேண்டுமே. அதைத் தொட்டியின் பலகைச் சட்டத்தில் சோக்கால் எழுதுவேன். கொழுந்தை இறக்கியதும் ஈரச் சாக்கால் துடைத்துவிடுவோம். மேலேயிருந்து பார்வைக்கு வருகிறவர்கள் கண்ணில் பட்டால் வம்பு.

யோசித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது ஐயா. பொய்யை மையால் எழுதிப் பூட்டி வைத்தேன். உண்மையைச் சோக்கால் எழுதி நாள்தோறும் துடைத்தேன்.

நீங்கள் மாடியை விட்டுப் போய் வருடங்கள் ஆகின்றன, மறந்திருப்பீர்கள். இப்போது சொல்லிவிட்டேன். அந்தப் பெட்டியை நிறுத்துங்கள்.

இப்படிக்கு
சோலைமலை


கொழும்பு
08.05.2003

சோலைமலைக்கு,

உமது கடிதத்தை வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்ன விசர் வேலை காணும் இது? புத்தகத்தை வானில் ஏற்றமுன் இதைச் சொல்வதற்கென்ன? 'உங்களுக்கே தெரியும்' என்று பூடகமாக ஒரு வரி எழுதினால் நான் என்னவென்று விளங்குவது? ஆவணத்தின் நான்காம் அத்தியாயம் முழுக்க உமது ஸ்டோர்தான். அமைச்சுக்குப் போய்விட்டது. மூன்று வருடம் மேசையில் குந்தியிருந்ததற்கு எனக்கென்று இருப்பது அந்த ஓர் அத்தியாயம்தான்.

நான் அப்படிச் சொன்னதாக எழுதியிருக்கிறீர். எனக்கு அப்படி ஒரு ஞாபகம் கிடையாது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய பேச்சைச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் வைத்திருப்பதற்கு நீர் என்ன ஒலிப்பதிவுக் கருவியா? பதிவேட்டில் பொய் எழுதுவது குற்றம் என்பது உமக்கும் தெரியும். ஓய்வு பெற உமக்கு இரண்டு வருடம் இருக்கிறது. இதைத் தொரையிடமோ மற்றவர்களிடமோ கதைத்தால் முதலில் போவது உமது வேலைதான், என்னுடையது அல்ல. உமது நன்மைக்காகத்தான் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டிரும். ஆனியில் பெட்டி வரும். ஏதாவது குறை இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

க. பாலச்சந்திரன்

பி.கு.: அந்தச் சோக்கு எழுத்தில் ஏதாவது, எங்கேயாவது, துடைக்காமல் மிஞ்சியிருக்கிறதா?


ஸ்டோர் லயம், ராகலை
02.08.2003

ஐயாவுக்கு,

மிஞ்சவில்லை. ஈரச் சாக்கு நல்ல சாக்கு.

பெட்டி வந்தது. நீங்கள் வருவீர்கள் என்று பார்த்திருந்தேன், வரவில்லை. நாடாவைத் தொரையின் மனைவி வெட்டினார். எனக்கு ஒரு கேக் துண்டு கிடைத்தது.

முதல் வாரம் மூட்டம். பதினாறு மணி நேரத்தில் மணி அடித்தது, காற்றாடி நின்றது. கொழுந்து பிழியாத துணி மாதிரி இருந்தது. உருட்டு மெசினில் போட்டால் கூழாக வந்தது. அடுத்த வாரம் காற்று மாறி வறண்டு அடித்தது. பதினொரு மணி நேரத்தில் இறக்க வேண்டியதைப் பெட்டி விடவில்லை. மணி அடிக்கிறபோது கையில் பிடித்தால் சருகு. பெட்டி நல்ல பெட்டிதான் ஐயா. கூட்டுத்தாபனம் போய் பதினோரு வருடம் ஆனாலும் சுற்றறிக்கையை மறக்காமல் வைத்திருக்கிறது.

மூன்றாம் வாரம் கந்தப்பன் மாடிக்கு வந்தார். நீங்கள் அன்று இருந்த இளைய டீமேக்கர் வேலையில் இப்போது இருப்பவர், நம் ஆள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, நீங்க ஒங்க இஸ்டத்துக்கு வாட்டுங்க. மணி அடிச்சா பொத்தான மட்டும் அமுக்கிருங்க. கம்பனிக்கு அந்தக் கணக்கு போனாப் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே இடம், அதே தொட்டி. என் கை தானாகச் சட்டைப் பைக்குள் சோக்கைத் தேடியது. ஐம்பத்தெட்டு வயதில் மறுபடியும் முதலிலிருந்தா என்று இருந்தது.

அப்போதுதான் அந்த இரண்டு வாரத் தேயிலையும் ஏலத்திலிருந்து திரும்பி வந்தது. தொரை எங்களைக் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்களத்தில் நிறுத்தி, வேலை தெரியாதவர்கள் பெட்டியைக் கெடுத்துவிட்டார்கள் என்றார். கூட வேலை செய்கிறவர்கள் தலையைக் குனிந்து நின்றார்கள். என்னால் முடியவில்லை. பெட்டி சரிதான் தொரை, அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்த புத்தகம்தான் பொய், அதை எழுதியவன் நான் என்று சொல்லிவிட்டேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பதினோரு வருடம் பொய்ப் பதிவு எழுதியதாக என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆவணி கடைசியில் விசாரணை. வேலை போனால் லயத்தில் நாங்கள் குடியிருக்கிற காம்பராவும் போகும். அம்மாக்கண்ணு கொழுந்துக்குப் போகிறாள், நான் வீட்டில் இருந்து அடுப்பு ஊதுகிறேன். "ஒங்க ஐயா மட்டும் ஒரு வரி எழுதிட்டா போதும்ல" என்று தினமும் கேட்கிறாள்.

இரக்கம் வேண்டாம் ஐயா. நான் சொல்லித்தான் எழுதினான் என்று ஒரு வரி போதும். உண்மையாக ஞாபகம் இல்லை என்றால் அதுவும் வேண்டாம். பொய்யாக எழுதியது போதும்.

சோலைமலை


கொழும்பு
21.08.2003

அன்புள்ள சோலைமலைக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

உமது புத்தகங்கள் என் அறையில் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. கணினிக்கு ஏற்றியவர்கள் வாசித்தார்கள், ஆலோசகர்கள் வாசித்தார்கள். நான் திறந்து பார்க்கவில்லை. போன வெள்ளிக்கிழமை முதல் தரமாகத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் என் கையெழுத்து. நீர் அப்படியே பதினாறு பதினாறு என்று எழுத, நானும் அப்படியே போட்டிருக்கிறேன். அப்போதும் எனக்கு ஒரு சாட்டு இருந்தது. அவன் எழுதினான், நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லிக்கொண்டே புரட்டினேன்.

எண்பத்து நான்கு ஆனி மாதத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் ஊரில். என் கலியாணம். புறப்பட்ட அன்று பன்னிரண்டு வெற்றுப் பக்கங்களில் கையெழுத்துப் போட்டு உம்மிடம் தந்துவிட்டு பஸ் ஏறியது ஞாபகம் வந்தது. நான் மணவறையில் இருந்த நேரம் என் கையெழுத்து ராகலையில் வாட்டுப் பார்த்திருக்கிறது. அதோடு மற்றதும் வந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் நின்று என்ன சொன்னேன் என்பதும். நீர் சொல்லுக்குச் சொல் சரி.

நான் சொன்னேன். அந்த ஹங்கேரி அம்மாவுக்கு நான் சொன்ன பதில்தான் எல்லாவற்றுக்கும் பதில். வாசிப்பவனுக்குப் பிடித்ததை எழுதினோம்.

விசாரணைக்கு என் வாக்குமூலத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அந்தப் பன்னிரண்டு பக்கங்களின் பிரதியும் கூட இருக்கிறது. உமக்கு ஒரு பிரதி இதோடு வருகிறது. பணிப்பாளரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். என்ன சொன்னார் தெரியுமா? ஆவணம் அச்சுக்குப் போய்விட்டது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். நான்காம் அத்தியாயம் அப்படியே வருகிறது, உமது ஸ்டோரின் படத்தோடு. என்னை மட்டும் வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டிக்குள் இருக்கிற பதினாறை மாற்ற வேண்டும் என்றால் குழு கூட வேண்டுமாம். அந்தக் குழு வேலை முடிந்துவிட்டதென்று கலைக்கப்பட்டுவிட்டது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வாயை மூடிக்கொண்டிரும் என்று எழுதினேனே, அதற்கு வெட்கப்படுகிறேன். உமது நன்மைக்கு என்று எழுதியதற்கு அதைவிட வெட்கப்படுகிறேன்.

பாலச்சந்திரன்


ஸ்டோர் லயம், ராகலை
28.09.2003

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

விசாரணையில் உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்கள். முதல் முறை எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. இரண்டாம் முறை, கலியாணப் பக்கம் வந்தபோது, தொரையே சிரித்துவிட்டார். கடும் எச்சரிக்கை என்று ஒரு கடிதம் தந்து வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நிறுத்தி வைத்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாதாம். காம்பரா நிற்கிறது. அம்மாக்கண்ணு உங்களைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதில்லை. அவள் சும்மா இருந்தால் அதுவே பெரிய பாராட்டு.

பெட்டி இருக்கிறது. கழற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. பதினாறில் மணி அடிக்கும், காற்றாடி நிற்கும், ஓர் ஆள் ஓடிப்போய் மறுபடி போடுவார். மணியின் நாக்கில் சாக்குத் துணி சுற்றியிருக்கிறோம். இந்த ஸ்டோரில் இதுவரை நடந்த புத்தாக்கம் அது ஒன்றுதான்.

ஆனால் ஒன்று எழுத வேண்டும். போன திங்கட்கிழமை கந்தப்பன் ஒரு புதிய புத்தகம் கொண்டுவந்தார். கையில் பிடித்துப் பார்த்தது, காம்பு மடித்துப் பார்த்தது, வாசம் எல்லாவற்றுக்கும் கோடு போட்டிருந்தார். "அண்ணே, உள்ளத உள்ளபடி எழுதுங்க. தொரையே சொல்லிட்டாரு" என்றார். எந்தக் கோட்டில் எதை எழுதுவது என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். நாற்பத்தொரு புத்தகம் எழுதியவன்.

அன்றைக்கு மூட்டம். பத்தொன்பதரை மணி நேரம் பிடித்தது. சட்டத்தில் சோக்கு எழுத்து அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேனாவைத் திறந்து எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால், பதினாறு.

யாரும் சொல்லவில்லை ஐயா. யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. கை தானாக எழுதியிருக்கிறது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டியைத் திட்டினேனே, என்னைக் கழற்றிப் பூட்ட எந்தக் குழு கூட வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் பத்தொன்பதரை என்று எழுதினேன். என் ஆயுளில் வாட்டுப் புத்தகத்தில் நான் போட்ட முதல் அடித்தல் அதுதான்.

அடித்து எழுதினால் ஒருவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற பழைய சட்டம் மட்டும் மாறவில்லை. கந்தப்பன் பேனாவை எடுத்தார். நான் பொறுக்கச் சொன்னேன். நீங்கள் இப்போது இந்த ஸ்டோருக்கு யாரும் இல்லை, உங்கள் கையெழுத்து இங்கே செல்லாது என்று எனக்கும் தெரியும். கந்தப்பனுக்கும் தெரியும். கீழே என் கையெழுத்தைப் போட்டுக்கொள்கிறேன், மேலே உங்கள் ஐயாவுக்கு இடம் இருக்கட்டும் என்றார்.

நுவரெலியாவிலிருந்து ராகலைக்கு பஸ் ஓடுகிறது. மேஸ் மூன்று சோடி கொண்டுவாருங்கள். மூட்டம் போடுகிற நாளாகப் பார்த்து வந்து, முதலில் கொழுந்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு
சோலைமலை